பழைய கிளாஸ் ராடும் முதல் தலைமுறை கிராஃபைட்டும்: நெடுநாள் புழக்கத்தில் தெரிய வருவது

பழுப்பு நிறம், ஏழரை அடி நீளம், இரண்டு துண்டு. கைப்பிடிக்குச் சற்று மேலே எஃப்எஃப் 756 என்று எழுதியிருக்கும். ஃபென்விக் கம்பெனியின் ஃபைபர்கிளாஸ், அதாவது கண்ணாடி இழை, ஃப்ளை ராட் இது: பூச்சி போலக் கட்டிய ஃப்ளை என்ற தூண்டிலை வீசும் மீன்பிடிக் கோல். எண்ணைப் பிரித்துப் படிக்க வேண்டும்: 75 என்றால் ஏழரை அடி, கடைசி 6 அதற்குப் பொருந்தும் லைனின், அதாவது வீசும் நூலின், எடை எண். முன்னால் ஒரு ஜி சேர்ந்து ஜிஎஃப்எஃப் என்று இருந்தால் அதே கம்பெனியின் கிராஃபைட், அதாவது கார்பன் இழைக் கோல். இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புழங்கினால் அமெரிக்க ஃப்ளை ராட் தொழிலின் முப்பது வருஷ வரலாறு கையிலேயே தெரிந்துவிடும். எப்படிச் செய்தார்களோ அப்படித்தான் கோல் வளைகிறது. எப்படிச் செய்தார்களோ அந்த இடத்தில்தான் உடைகிறது.

இன்றைய கிராஃபைட்டில் பழகிய கை, கிளாஸ் ராடை முதல் பத்து நிமிஷம் திட்டத்தான் செய்யும். லைன் தலைக்குப் பின்னால் சரிந்து விழும், முன்னால் வீசும்போது சுருண்டு குவியும். குறை கோலில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. ஃப்ளை மீன்பிடிப்பில் தூண்டிலுக்கு எடையே கிடையாது. லைனின் எடைதான் கோலை வளைக்கிறது, வளைந்த கோல் நிமிரும்போதுதான் லைன் பறக்கிறது. கிளாஸ் அடிவரை வளையும், நிதானமாக நிமிரும். ஆகவே பின்வீச்சை நிறுத்திய பிறகு, பின்னால் லைன் முழுக்க நீண்டு கையை லேசாக இழுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இழுப்பு வந்த பிறகே முன்வீச்சு. மணிக்கட்டைச் சுண்டாமல் முழங்கையால் கொஞ்சம் நீளமாக வீசினால் 20 முதல் 40 அடிக்குள் லைன் பஞ்சு போல இறங்கும்.

சின்ன ஓடைகளில் கிளாஸுக்கு ஈடு இல்லை என்று சொல்லக் காரணமும் இதுதான். பத்துப் பன்னிரண்டு அடி லைன் மட்டுமே வெளியே இருக்கும்போது விறைப்பான கிராஃபைட் வளையவே வளையாது. வெறுங்கையால் வீசுவது போலிருக்கும். கிளாஸ் தன் சொந்த எடையிலேயே கொஞ்சம் வளைந்துகொள்ளும். மீன் சட்டென்று திரும்பி ஓடினால் அந்த அதிர்ச்சியை நுனி வாங்கிக்கொள்கிறது. லைன் முனையில் ஃப்ளையைக் கட்டும் 6எக்ஸ் நரம்பு 0.005 அங்குலம்தான், அதாவது 0.13 மில்லிமீட்டர். அந்த மெல்லிய நரம்பு கிளாஸ் நுனியில் அறுவது மிகவும் குறைவு.

இந்த வித்தியாசத்துக்கெல்லாம் மூலம் இழையின் விறைப்பு. சாதாரண ஈ-கிளாஸ் இழையின் விறைப்பு சுமார் 72 கிகாபாஸ்கல். எஸ்-கிளாஸ் 86 பக்கம். ஆரம்ப காலக் கிராஃபைட் கோல்களில் போட்ட கார்பன் இழை சுமார் 230. அடர்த்தியோ கன சென்டிமீட்டருக்குக் கண்ணாடி 2.5 கிராம், கார்பன் 1.8. மூன்று மடங்கு விறைப்பு, முக்கால் பங்குக்கும் குறைவான எடை. அதே வேலைக்குக் கண்ணாடிக் கோலின் சுவர் தடிமனாகத்தான் இருந்தாக வேண்டும். நீளம் கூடக்கூட அந்த எடை நுனிப்பக்கம் சேர்ந்து கையை இழுக்கும். ஏழு, ஏழரை அடியில் இது இனிமை. எட்டரை அடி, 8-ஆம் எண் லைன் என்று போனால் மத்தியானத்துக்குள் தோள்பட்டை வலிக்கும். எட்டடிக்குக் கீழே கிளாஸ், எட்டரை அடிக்கு மேலே கிராஃபைட் என்பதே எங்கள் தீர்ப்பு. நடுவில் இருப்பது அவரவர் கை.

கண்ணாடி இழை இந்தத் தொழிலுக்குள் வந்தது இரண்டாம் உலகப் போரின் வழியாக. ஒஹையோ மாநிலம் டொலீடோவில் பிளாஸ்கான் என்ற ரெசின் (இழைகளைப் பிணைக்கும் பிசின்) நிறுவனத்தில் இருந்த ஆர்தர் ஹோவால்ட், மூங்கில் கோலின் நுனி உடைந்துபோக, கையிலிருந்த கண்ணாடி இழையையும் ரெசினையும் வைத்து மாற்று நுனி செய்தார். மிச்சிகனின் கலமசூவில் இருந்த ஷேக்ஸ்பியர் கம்பெனி அந்த முறையை வாங்கி, போர் முடிந்த கையோடு வொண்டர்ராட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1950 டிசம்பரில் அமெரிக்கா சீனாவுடன் வணிகத்தைத் தடை செய்ததும், நல்ல ஃப்ளை ராடுகளுக்கெல்லாம் ஆதாரமான டோன்கின் என்ற சீன மூங்கிலின் வரத்து நின்றது. கையிருப்பு மூங்கில் வைத்திருந்த சில பட்டறைகள் தாக்குப்பிடித்தன. மற்றவர்கள் கண்ணாடிக்கு மாறினார்கள். இருபது வருஷம் கழித்துத் தடை நீங்கியபோது சந்தை முழுக்கக் கண்ணாடியின் கையில் இருந்தது.

வொண்டர்ராட் செய்த விதம் தனி. உள்ளே சுருளாகச் சுற்றிய கண்ணாடி இழை, அதன்மேல் நீளவாக்கில் இணையாக ஓடும் இழைகள். துணி கிடையாது. பெரும்பாலான மற்றவர்கள் துணி வழிக்குப் போனார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் பழைய கோலில் தென்படும் அடையாளங்கள் எல்லாம் இந்தப் படிகளில் விழுந்தவைதான்.

நீளவாக்கில் அதிக இழையும் குறுக்கில் குறைந்த இழையும் நெய்த கண்ணாடித் துணியில் ரெசினை ஏற்றி, பாதி உலர்ந்த நிலையில் வைத்திருப்பார்கள். அதை ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகலாக வெட்டுவார்கள். அந்த வெட்டின் வடிவம்தான் கோலின் எந்த இடத்தில் எத்தனை சுற்று விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. படிப்படியாக மெலியும் எஃகுக் கம்பிக்கு மேண்ட்ரல் என்று பெயர். அதில் மெழுகு தடவி, துணியின் நேர் ஓரத்தைச் சூடான இஸ்திரியால் ஒட்டி, இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தி உருட்டுவார்கள். மேலே செலோஃபேன் நாடாவை இழுத்துப் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சுருளாகச் சுற்றுவார்கள். பிறகு அடுப்பு, ரெசினைப் பொறுத்து 120 முதல் 175 டிகிரி செல்சியஸ். சூட்டில் நாடா சுருங்கி ரெசினைப் பிழிந்து காற்றுக் குமிழிகளை வெளியேற்றும். ஆறியதும் மேண்ட்ரலை உருவி, நாடாவை உரித்தால் மிஞ்சும் குழாய்தான் பிளாங்க்.

நாடா அழுத்திய தடம் பிளாங்கின் மேல் திருகு மரை போல நெருக்கமான வரிகளாக நிற்கும். விரல் நகத்தை மெல்ல இழுத்தால் கிர்ரென்று தட்டும். சிலர் அதை உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கி வண்ணம் பூசினார்கள். சிலர் அப்படியே விட்டார்கள். வாங்குகிறவர்களுக்கு வழவழப்பு பிடிக்கும். ஆனால் அளவுக்கு மீறித் தேய்த்தால் வெளிச்சுற்று இழைகள் அறுபடும், அந்த வெளிச்சுற்றுதான் அதிகப் பாரம் தாங்குவது. வரி தெரிகிறதே, மலிவான சரக்கு போல என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

ரெசினும் காலத்தைச் சொல்லும். ஆரம்ப காலத்தில் ஃபீனாலிக், பாலியெஸ்டர். பிறகு எபாக்ஸி. ஃபீனாலிக் சற்றுக் கரும்பழுப்பாக, விறைப்பாக இருக்கும். கலிஃபோர்னியாவின் கோனொலோன் பிளாங்குகள் இந்த வகை. டென்வரில் பில் ஃபிலிப்சன் செய்த எபாக்ஸைட் கோல்கள் பெயரிலேயே ரெசினைச் சொல்லிவிடும். நெடுநாள் உழைப்பில் எபாக்ஸியே முந்தி நிற்கிறது. பாலியெஸ்டர் கோல்கள் வெயிலில் கிடந்திருந்தால் மேற்பரப்பு மங்கி, தொட்டால் தூள் போல வரும், சிலசமயம் இழை முள் விரலில் ஏறும். மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் அது நின்றுவிடும்.

கிளாஸ் ராடு சாவது மெதுவாக. அடிபட்ட இடத்தில் ரெசினும் இழையும் பிரிந்து வெண்மையாக ஒரு புள்ளி தோன்றும். தேன் நிற பிளாங்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சுழற்றினால் அது நட்சத்திரம் போலத் தெரியும். குன்றிமணி அளவுப் புள்ளி, விரலால் அழுத்தினால் அமுங்கவில்லை என்றால் பல வருஷம் ஓடும். வட்டமாகச் சுற்றி வளையம் போட்டிருந்தால், அல்லது அழுத்தும்போது சுவர் உள்ளே போனால், அந்த இடம் மடியப்போகிறது. கோல் நடுவே கழுத்து ஒடிந்தாற்போல மடங்கும், பெரும்பாலும் துண்டாகாது.

துண்டுகளை இணைக்கும் ஃபெரூல்தான் பழைய கோலில் அதிகம் தகராறு செய்யும் பாகம். முதலில் எல்லாம் உலோகக் குழாய்கள்தான்: நல்ல கோலில் நிக்கல் சில்வர், மலிவானதில் பித்தளை அல்லது அலுமினியம். உலோகம் வளையாது என்பதால் நடுவில் இரண்டு அங்குலம் விறைப்பாக நிற்கும். வீசும்போது அது தெரியும். ஃபென்விக்கில் ஜிம் கிரீன் கொண்டுவந்த ஃபெராலைட் இணைப்பு இதை மாற்றியது. நுனித் துண்டின் அடிவாய் அடித்துண்டின் தலைமேல் நேராக ஏறிக்கொள்ளும். கண்ணாடிக்கு மேல் கண்ணாடி. வளைவு தடையின்றி ஓடியது. ஃபிஷர், ஹார்டி, ஸ்காட் போன்றவர்கள் உள்ளே ஒரு முளைக்கட்டையை ஒட்டும் ஸ்பிகாட் முறையில் போனார்கள். வடிவாக இருப்பது ஸ்பிகாட், முரட்டு உழைப்புக்கு ஃபெராலைட்.

உலோக ஃபெரூலில் வரும் வழக்கமான நோய், ஆட்டினால் "க்ளிக்" என்ற சத்தம். உள்ளே ஒட்டிய பசை காய்ந்து உதிர்ந்திருக்கும். ஃபெரூலைப் பிடிக்கக் குறுக்கே ஊசி அடித்திருந்தால் முதலில் அதைத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு ஃபெரூலை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி, நேராக இழுத்துக் கழற்ற வேண்டும். தீ கண்ணாடியில் படவே கூடாது, ரெசின் கருகிவிடும். பழைய பசையைச் சுரண்டி, மெதுவாக இறுகும் எபாக்ஸியில் திரும்ப ஒட்ட வேண்டும். இடைவெளி இருந்தால் பிளாங்கில் நூல் சுற்றி நிரப்பலாம். ஐந்து நிமிஷ எபாக்ஸி வேண்டாம், அது ஈரத்தில் சீக்கிரம் விட்டுவிடும்.

ஸ்பிகாட் சேரும்போது இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி தெரிய வேண்டும். 6 முதல் 12 மில்லிமீட்டர் இருந்தால் ஆரோக்கியம். தேயத்தேய அது குறையும். முழுக்க மூடிக்கொண்டால் பிடிப்பு போய்விட்டது என்று அர்த்தம், வீசும்போது நுனித் துண்டு கழன்று பறக்கும். முளையில் மெல்லிய எபாக்ஸிப் பூச்சு கொடுத்து, காய்ந்ததும் 600 எண் உப்புத்தாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பொருத்திப் பார்த்தால் இடைவெளி திரும்பும். ஃபெராலைட்டில் இடைவெளி தெரியாது. நுனித் துண்டு முன்னைவிடக் கீழே இறங்கி அடித்துண்டின் நூல்கட்டை இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வைத்தியம் அதே எபாக்ஸிதான். தினப்படி புழக்கத்துக்கு, ஆண் பகுதியில் சாதாரண மெழுகுவர்த்தியை நாலு கோடு இழுத்தால் போதும். எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது.

கிராஃபைட்டுக்கு வருவோம். உறுதியான கார்பன் இழையைத் தொழில்முறையில் செய்யும் வழியை 1960-களின் நடுவில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் வாட், ஃபிலிப்ஸ், ஜான்சன் மூவரும் கண்டார்கள். விமானத்துக்கு வந்த பொருளை ஃபென்விக் 1973-இல் எச்எம்ஜி என்ற பெயரில் ஃப்ளை ராடாக விற்கத் தொடங்கியது. அடுத்த வருஷமே ஆர்விஸ் கம்பெனியின் கிராஃபைட் வந்தது. தொடக்கத்தில் உடைந்து திரும்பி வந்த கோல்கள் கொஞ்சமல்ல. காரணம் எளிமையானது. கார்பன் இழைகள் எல்லாம் நீளவாக்கில் ஓடின. வளைவுக்கு அது நல்லது. ஆனால் வளையும் குழாய் முட்டை வடிவாக நசுங்கப் பார்க்கும். அதைத் தடுக்கக் குறுக்கில் இழை வேண்டும். மெல்லிய கண்ணாடி வலை ஒன்றுதான் அந்த வேலையைச் செய்தது. சுவர் மெல்லிசானபோது அது போதவில்லை.

ஆகவே எச்எம்ஜி காலத்துக் கோலை எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது நுனித் துண்டின் அடிவாய். அங்கே நீளவாக்கில் மயிரிழை போல விரிசல் விழும். பூதக்கண்ணாடியில் பாருங்கள். பிறகு காதருகே வைத்து மெல்ல வளையுங்கள். டிக் டிக் என்று கேட்டால் விரிசல் ஓடிக்கொண்டிருக்கிறது. விரிசல் இல்லாமல் வாயின் நூல்கட்டு மட்டும் உதிர்ந்திருந்தால் உடனே திரும்பக் கட்ட வேண்டும்: ஏ அளவு நூலில் 10, 12 மில்லிமீட்டர் அகலம், இறுக்கமாக, மேலே எபாக்ஸி. குறுக்குவாட்டுப் பலம் அந்த நூலில்தான் இருக்கிறது. அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டால் வாய் பிளந்துவிடும்.

கிளாஸ் மெதுவாகச் சாகும் என்றால் கிராஃபைட் சொல்லாமல் சாகும். ஈயம் கட்டிய கனமான ஃப்ளை வீச்சில் கோலை உரசினால் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் சாதாரண மீனுக்கு அந்த இடத்தில் படாரென்று ஒடியும். ஆகவே கனமான ஃப்ளைக்குப் பழைய கிராஃபைட்டை எடுக்காதீர்கள், கிளாஸை எடுங்கள். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது: கார்பன் மின்சாரம் கடத்தும். மின்கம்பிக்குக் கீழேயும் இடி மின்னலிலும் கிராஃபைட் கோலை உயர்த்தக் கூடாது. உப்புநீரில் புழங்கினால் கார்பனைத் தொடும் அலுமினியம் அரிக்கும். ரீலைப் பொருத்தும் ரீல் சீட்டின் உள் ஓரத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அதுதான். நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே பைக்குள் போட வேண்டும்.

இவ்வளவு குறை சொன்னாலும், நல்ல நிலையில் உள்ள எட்டடி எச்எம்ஜி, 5-ஆம் எண் லைன், இன்றைக்கும் அருமையான கோல். அந்தக் காலத்தில் விறைப்பு என்று பெயர் வாங்கியது, இன்றைய கணக்கில் நடுத்தரம். கண்ணாடிக் கோல்களை வடிவமைத்த கைகளே அதையும் வடிவமைத்தன என்பது வளைவில் தெரிகிறது. 1980-களில் ஐஎம்6 என்ற இன்னும் விறைப்பான கார்பன் இழை வந்தபின், டான் கிரீன் 1980-இல் தொடங்கிய சேஜ், கேரி லூமிஸின் கம்பெனி ஆகியவற்றோடு தொழில் வேகமான கோல்களின் பக்கம் போய்விட்டது. அதே ஐஎம்6-இல் மென்மையாகச் செய்த வின்ஸ்டன் கம்பெனி ஒரு நல்ல விதிவிலக்கு.

பழைய கோலுக்கு லைன் தேர்வதில் பலர் சறுக்குகிறார்கள். 1961-க்கு முந்தைய கோலில் எண் இருக்காது. எச்டிஎச், எச்சிஎச் என்று எழுத்து இருக்கும். அவை லைனின் தடிமன். ஏ என்றால் 0.060 அங்குலம், ஒவ்வொரு எழுத்துக்கும் 0.005 குறையும். டி 0.045, எச் 0.025. எச்டிஎச் என்றால் இரு முனையும் மெலிந்து நடு பருத்த லைன். பட்டு லைன் இருந்தவரை தடிமனே எடையைச் சொன்னது. நைலான் வந்ததும் அதே தடிமனில் எடை குறைந்து எழுத்துகள் அர்த்தமிழந்தன. அதனால்தான் முதல் 30 அடியின் எடையை வைத்து எண் கொடுத்தார்கள்: 5-க்கு 140 கிரெயின், 6-க்கு 160, அதாவது சுமார் 10.4 கிராம். எச்இஎச் ஏறக்குறைய 5, எச்டிஎச் 6, எச்சிஎச் 7. இன்று விற்கும் பல லைன்கள் விறைப்பான கோலுக்காக அரை எண், ஒரு எண் கூடுதல் எடையில் வருகின்றன. பெட்டியில் கிரெயின் கணக்கைப் பார்த்து வாங்குங்கள். கனமான லைனைப் போட்டுவிட்டுக் கிளாஸ் தொளதொளவென்று இருக்கிறது என்று பழி சொல்வது நியாயமில்லை.

வாங்கும்போது அளவு நாடா அவசியம். கோலைச் சேர்த்து அளந்தால் எழுதிய நீளம் வர வேண்டும். ஏழரை அடி என்றால் 90 அங்குலம். இரண்டு அங்குலம் குறைந்தால் நுனி உடைந்து வளையத்தைத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். மெல்லிய பகுதி போய்விட்டதால் கோல் மரத்துப்போயிருக்கும். லைனை ஒரு எண் ஏற்றிப் புழங்கலாம், ஆனால் முழு விலை கொடுக்காதீர்கள். ரஸ் பீக், வின்ஸ் கம்மிங்ஸ் போன்ற பட்டறைக்காரர்களின் கோல்கள் சேகரிப்பாளர் விலைக்குப் போய்விட்டன. கிளாஸ் எப்படி என்று தெரிந்துகொள்ள மட்டும் வேண்டுமானால் ஈகிள் கிளாவின் மஞ்சள் ஃபெதர்லைட் போதும். அந்த வரிசை இன்னும் புதிதாகவே கிடைக்கிறது.

கடைசியாகக் கைடுகள், அதாவது கோல் நெடுக லைன் ஓடும் வளையங்கள். லைன் ஓடி ஓடி வளையத்தில் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் லைனை அறுக்கும். பழைய நைலான் காலுறைத் துணியை வளையத்துக்குள் இழுத்தால், பள்ளம் இருக்கும் இடத்தில் இழை மாட்டும். முதலில் நுனி வளையம், பிறகு கைப்பிடிப் பக்க வளையம், இந்த இரண்டும்தான் முந்தித் தேயும். மாற்றும்போது பழைய நூலை வெட்டும் பிளேடு கைடின் உலோகக் காலின் மேல் மட்டும் ஓட வேண்டும். பிளாங்கின் மேல் ஓடினால் இழையில் ஒரு கீறல் விழும், அடுத்த பெரிய மீனுக்கு அங்கேதான் ஒடியும். வெட்டிய நூலை நகத்தால் உரித்து எடுங்கள். எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு கைடும் நுனியிலிருந்து எத்தனை அங்குலம் என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிய கைடின் கால் நுனியை அரத்தால் கத்தி முனை போல மெலிதாக்கி, அடிப்பக்கப் பிசிறை நீக்கிய பிறகே கட்ட வேண்டும்; தடித்த காலில் நூல் ஏறாது, பிசிறு பிளாங்கைத் தோண்டும். பழைய நிறம் அப்படியே வர வேண்டுமென்றால் எபாக்ஸிக்கு முன் நிறம் காக்கும் பூச்சு இரண்டு முறை கொடுங்கள். இல்லாவிட்டால் நைலான் நூல் ஊறி, ஒரு சாயல் கறுத்து, அடியில் இருக்கும் கைடின் கால் தெரியத் தொடங்கும்.